லாரிக்கும் பல்லைப் பிடிச்சுப் பாக்கணும்

கியர் விகிதம்னு ஆரம்பிச்சதும் ஓடிடாதீங்க மக்களே. கணக்கு கொஞ்சம் வரும், ஆனா எட்டாங்கிளாஸ் வகுத்தலைத் தாண்டாது. அதுக்கு நான் கேரண்டி.

ராசிபுரத்துல இருந்து நாமகிரிப்பேட்டை பக்கமா வந்தா, கொல்லிமலையோட அடிவாரத்துல முள்ளுக்குறிச்சி. கொல்லிமலைன்னாலே எல்லாரும் காரவள்ளி வழியா ஏறுற எழுபது கொண்டை ஊசி வளைவைத்தான் சொல்லுவாங்க. முள்ளுக்குறிச்சி பக்கமாவும் மலைக்குப் பாதை உண்டு. காரவள்ளிப் பாதையில மண் சரிஞ்சு அடைச்சுட்டா, வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பி விடுறதும் உண்டு. மேல இருந்து குச்சிக்கிழங்கு, வாழை, மிளகு, பலா, அன்னாசி எல்லாம் இறங்கும். கீழ இருந்து சிமெண்ட்டும் கம்பியும் அரிசியும் ஏறும். ஏறுறதும் இறங்குறதும் லாரிதான்.

எந்த லாரி? அதுதான் இந்தப் பதிவோட மேட்டர். நாமக்கல் மாவட்டத்துல லாரிக்கு ஒரு வாழ்க்கை வட்டம் உண்டு. புதுசா இருக்கும்போது வடக்க போகும். நாக்பூர், டெல்லி, கல்கத்தான்னு வாரக்கணக்குல ஓடும். கொஞ்சம் வயசானதும் ரெண்டாம் கை, மூணாம் கைன்னு மாறி உள்ளூர் லோடுக்கு வரும். செங்கல், மணல், கிழங்குன்னு அடிக்கும். கடைசியில காயலாங்கடை. அதாவது, சமவெளியில நாலு வழிச்சாலையில ஓடிப் பழகின வண்டி, தன்னோட வயசான காலத்துலதான் மலைக்கு வருது. வரும்போது சமவெளிக்குப் போட்ட பல் சக்கரங்களையும் வயித்துக்குள்ள சுமந்துக்கிட்டே வருது. வாங்கினவருக்கு அது தெரியாது. ஓட்டுறவருக்கும் தெரியாது. ஆர்.சி. புத்தகத்துல என்ஜின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும், வெறும் வண்டி எடை இருக்கும். கியர் விகிதத்துக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

மாட்டுச் சந்தையில மாட்டோட வயசைக் கேட்டா வித்தவன் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. வாயைத் திறந்து பல்லைப் பாப்பாங்க. ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேந்தாச்சுன்னு பாத்துட்டுத்தான் துண்டுக்குள்ள கை போகும். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேன்னு பழமொழி இருக்கு. காசு குடுத்து வாங்கின லாரியைப் பாக்கலாம்ல?

சரி, கியர் விகிதம்னா என்னன்னு ரெண்டு வரி. நம்ம பழைய சைக்கிள்ல முன்னாடி பெரிய சக்கரத்துல 44 பல்லு, பின்னாடி ஃப்ரீவீல்ல 18 பல்லு இருக்கும்னு வைங்க. ஒரு மிதி மிதிச்சா பின்சக்கரம் 44 வகுத்தல் 18, கிட்டத்தட்ட ரெண்டரை சுத்து சுத்தும். வேகம் கூடும், பலம் குறையும். லாரியில இதுக்கு நேரெதிர். என்ஜின் பல தடவை சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். வேகம் குறையும், இழுவை கூடும். இந்தக் குறைப்பு ரெண்டு இடத்துல நடக்குது. ஒண்ணு கியர் பாக்ஸ், இன்னொண்ணு பின்னாடி ஹவுசிங்குக்குள்ள இருக்குற கிரவுன் பினியன். டாப் கியர்ல கியர் பாக்ஸ் பொதுவா ஒண்ணுக்கு ஒண்ணு. உள்ள வர்றது அப்படியே வெளிய போகும். அதனால டாப்ல உங்க வண்டி என்ன வேகம் போகும்ங்கறதைத் தீர்மானிக்கிறது கிரவுன் பினியன்தான்.

இந்தக் கியர் பாக்ஸோட பூர்வீகம் பிரான்ஸ். 1890கள்ல பனார் லெவாஸோர் கம்பெனி செஞ்ச வண்டிகள்ல, பல் சக்கரத்தை ஷாஃப்ட்டுல நகர்த்தி இன்னொரு சக்கரத்தோட மோத விட்டாங்க. அதுதான் ஸ்லைடிங் கியர். சுத்துற ரெண்டு பல் சக்கரத்தை ஒண்ணுக்குள்ள ஒண்ணு திணிக்கிறதுன்னா சத்தம் எப்படி இருக்கும்? அதனாலயே அதுக்கு கிராஷ் கியர் பாக்ஸ்னு பேர் வந்துச்சு. கிளட்சை மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டர் குடுத்து வேகத்தைச் சமமாக்கி, மறுபடி கிளட்ச் மிதிச்சுக் கீழ் கியருக்குத் தள்ளணும். டபுள் கிளட்ச். அப்புறம் சக்கரங்களை எப்பவும் கோத்தே வச்சுட்டு, நடுவுல ஒரு நாய்ப்பல் கிளட்ச்சை மட்டும் நகர்த்துற கான்ஸ்டன்ட் மெஷ் வந்துச்சு. 1928ல காடிலாக் கார்ல சிங்க்ரோமெஷ் வந்துச்சு. ஆனா காருக்கு வந்த சொகுசு லாரிக்கு வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. லாரிக்காரனுக்கு எதுவுமே லேட்டாத்தான் கிடைக்கும், பாத்திருப்பீங்க.

நம்ம ஊருக்கு வருவோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல பம்பாயில கூட்டி இணைக்கிற ஆலை போட்டு 1954 வரைக்கும் நடத்துனாங்க. செவர்லே லாரி அப்படித்தான் ஊரெல்லாம் பரவுச்சு. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் ராணுவம் கழிச்சு விட்ட செவர்லே, ஃபோர்டு வண்டிகள் வேற ஏலத்துக்கு வந்துச்சு. அதுல பலதுக்குப் பின்னால மரத்துல பாடி கட்டி லாரியாவும் பஸ்ஸாவும் ஓட்டுனாங்க. எல்லாம் பெட்ரோல் வண்டிங்க.

அந்தக் காலத்து செவர்லே நாலு கியர் பெட்டி ஒண்ணு, 1947ல வந்தது, உலகம் முழுக்கப் பேர் போனது. முதல் கியர் 7.05. அதாவது என்ஜின் ஏழு சுத்து சுத்தினா பெட்டிக்கு வெளிய ஒரு சுத்து. ரெண்டாவது மூணரைக்குச் சொச்சம், மூணாவது 1.7 பக்கம், நாலாவது ஒண்ணுக்கு ஒண்ணு. முதல் கியருக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு பெரிய பள்ளம் பாருங்க. வெறும் வண்டியா இருந்தா ரெண்டாவதுலயே எடுப்பாங்க. முதல் கியர் சேத்துல மாட்டினாலோ மலையில லோடோட நின்னாலோ மட்டும்தான்.

பின்னாடி 1968ல இதுக்குத் தம்பி மாதிரி ஒரு பெட்டி அமெரிக்காவுல வந்துச்சு. அதுல முதல் கியர் 6.55. மத்த மூணும் கிட்டத்தட்ட அண்ணனோடது மாதிரியே. அதனால மேல் கியரை மட்டும் சோதிச்சுப் பாத்து இது இன்ன பெட்டின்னு முடிவு கட்டினா ஏமாந்துடுவோம். பல் பாக்கறதுன்னா எல்லாப் பல்லையும் பாக்கணும்.

ஐம்பதுகள்ல டீசல் வந்ததும் ஆரம்பிச்சுது குழப்பம். பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாம, லாரியில இருந்த பெட்ரோல் என்ஜினைக் கழட்டிட்டு பெர்க்கின்ஸ் பி6 டீசல் என்ஜினை மாட்டினாங்க. நம்ம மெட்ராஸ் சிம்ப்சன் கம்பெனியே அந்த என்ஜினைச் செஞ்சுது. ஆறு சிலிண்டர், நல்ல இழுவை. ஆனா ஒரு சிக்கல். பழைய செவர்லே பெட்ரோல் என்ஜின் நிமிஷத்துக்கு 3,300 சுத்துல தன் முழு பலத்தைக் குடுக்கும். பி6 லாரி என்ஜின் 2,400 சுத்தோட நின்னுடும். என்ஜினை மட்டும் மாத்தி, கியர் பாக்ஸையும் கிரவுன் பினியனையும் அப்படியே விட்டா, முன்ன 80 கிலோமீட்டர் போன வண்டி இப்ப 58லயே மூச்சு முட்டும். இதுக்கு ஒரே வழி பின்னாடி பல் எண்ணிக்கையை மாத்துறது. அந்தக் காலத்துப் பட்டறைகள்ல எந்த இன்ஜினியரிங் கல்லூரியும் போகாத ஆளுங்க இதைச் செஞ்சாங்க. ஆனா யாரும் எழுதி வைக்கலை. அந்த மாதிரி ஒரு வண்டி கைமாறிக் கைமாறி வரும்போது, முன்னால செவர்லேன்னு பேர் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு அந்த மெக்கானிக்குக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த தலைமுறை நம்ம நாட்டுலயே செஞ்ச வண்டிங்க. 1948ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சு முதல்ல ஆஸ்டின் கார் கூட்டி இணைச்சாங்க. 1950ல லேலண்டோட ஒப்பந்தம் ஆச்சு. அப்புறம் எண்ணூர்ல காமெட் லாரி. 1955ல கம்பெனி பேரே அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூர்ல ரயில் என்ஜின் செஞ்சுட்டு இருந்த டெல்கோ, 1954ல ஜெர்மனியோட டைம்லர் பென்ஸ்கூட 15 வருஷ ஒப்பந்தம் போட்டு லாரி விட்டாங்க. முகப்புல மூணு முனை நட்சத்திரம். 1969ல ஒப்பந்தம் முடிஞ்சதும் நட்சத்திரம் போயி டாடாவோட எழுத்து வந்துச்சு. ஆனா நம்ம ஆளுங்க வாயில அது கடைசி வரைக்கும் பென்ஸ் லாரிதான். 1210, 1612, 1613 எல்லாம் பேர்லயே ஜாதகத்தைச் சொல்லும். 1210ன்னா மொத்த எடை 12 டன், 100 குதிரை சக்தி. 1613ன்னா 16 டன், 130.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு சங்கதி. நட்சத்திரம் போனாலும் ஜெர்மன்காரன் போட்ட நம்பர் முறை போகலை. பென்ஸ் உதிரி பாகத்துல முதல்ல வண்டியோட மாடல் எண், அதுக்கப்புறம் அது எந்தப் பகுதிங்கிற எண். 25ன்னா கிளட்ச், 26ன்னா கியர் பாக்ஸ், 35ன்னா பின் ஆக்ஸில், 41ன்னா புரொப்பெல்லர் ஷாஃப்ட், 42ன்னா பிரேக். டாடாவும் அதையே வச்சுக்கிட்டாங்க. பழைய பாகம் ஒண்ணு கையில கிடைச்சா, கிரீஸைத் துடைச்சுட்டு நம்பரைப் பாத்து, நடுவுல 26 இருக்கா 35 இருக்கான்னு தேடுங்க. ஸ்டுட்கார்ட்ல ஒரு ஆபீஸ்ல எவனோ யோசிச்சுப் போட்ட எண்ணு நாமக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இன்னும் பேசிட்டு இருக்கு.

ஆனா வார்ப்புல இருக்குற நம்பரை மட்டும் வச்சு கியர் விகிதத்தைச் சொல்லிட முடியாது. வெளிக்கூடு ஒண்ணா இருக்கும், உள்ள பல் வேற. ஒரே ஹவுசிங்ல 6/41ம் போகும், 7/41ம் போகும். பினியன்ல 6 பல்லு, கிரவுன்ல 41 பல்லுன்னா விகிதம் 6.83. பினியன்ல 7 பல்லுன்னா 5.86. ஒரே ஒரு பல்லு வித்தியாசம். அந்த ஒரு பல்லு மலையில என்ன பண்ணும்னு பின்னால பாப்போம்.

அதென்ன 41, 37, 43ன்னு விநோதமான எண்ணா இருக்குன்னு கேக்கலாம். 40, 42ன்னு போட்டா என்ன? பினியன்ல 6, கிரவுன்ல 42ன்னு வச்சா, பினியனோட ஒரு குறிப்பிட்ட பல்லு எப்பவும் கிரவுன்ல அதே ஏழு பல்லோட மட்டும்தான் மோதும். ஒரு பல்லுல சின்னக் குறை இருந்தாலும் அந்த ஏழையும் அரிச்சுத் தின்னுடும். 41ன்னா எதோடயும் வகுபடாது. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு பல்லையும் முறை வச்சு சந்திச்சே ஆகணும். தேய்மானம் ஊருக்கே பொதுவாப் பிரிஞ்சுடும். நல்ல சமத்துவம் :-)

இதுல இருந்து ஒரு துப்பும் கிடைக்குது. பழைய பெட்டியில பல் எண்ணும்போது ஜோடி எண்கள் ஒண்ணால ஒண்ணு அழகா வகுபட்டுச்சுன்னா, ஒரு தடவை மறுபடி எண்ணுறது நல்லது.

இப்ப கண்டுபிடிக்கிற வழிக்கு வருவோம். ஹவுசிங்ல இருந்து ஆரம்பிக்கலாம், அது சுலபம். எதையும் பிரிக்க வேண்டாம். முன் சக்கரத்துக்கும் தரையில நிக்கிற பின் சக்கரத்துக்கும் கட்டை குடுங்க. இன்னொரு பக்கம் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்க. கியர் நியூட்ரல். டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல ஒரு கோடு. ஒரு ஆள் சக்கரத்தைக் கையால சுத்தணும், இன்னொருத்தர் ஷாஃப்ட் எத்தனை சுத்துன்னு எண்ணணும்.

இங்கதான் பல பேர் கோட்டை விடுறாங்க. சக்கரத்தை ஒரு சுத்து சுத்தினா ஷாஃப்ட் மூணரை சுத்துக்குள்ள நின்னுடும். விகிதம் மூணரைன்னு எழுதிட்டுப் போயிடக் கூடாது. ஒரு சக்கரம் தரையில பிடிச்சு நிக்கும்போது, நடுவுல இருக்குற டிஃப்ரென்ஷியல் நம்ம சுத்துறதைப் பாதியாத்தான் கிரவுனுக்குக் குடுக்கும். அதனால தூக்கின சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்தணும். அப்பத்தான் கிரவுன் முழுசா ஒரு சுத்து. ஷாஃப்ட் ஏழுக்குக் கொஞ்சம் குறைவா சுத்தினா அது 6/41. ஆறுக்குக் கொஞ்சம் குறைவுன்னா 7/41. சந்தேகமா இருந்தா சக்கரத்தை இருபது சுத்து சுத்துங்க. 68க்கும் 59க்கும் நடுவுல யாரும் குழம்ப முடியாது.

முள்ளுக்குறிச்சியில ஒரு பட்டறைப் பெரியவர் இதைச் செய்யறதைப் பாத்துட்டு, "சுத்து எண்ணுறதுக்கு மிஷின் ஏதும் இல்லீங்களாய்யா?"ன்னு கேட்டேன். "ஏனுங் தம்பி, உங்களுக்குக் கண்ணு இல்லீங்களா, எனக்கு வாய் இல்லீங்களா? நீங்க பாருங்க, நான் எண்ணுறனுங்க"ன்னார். சரியாத்தான் எண்ணுனார்.

கியர் பாக்ஸ் கொஞ்சம் வேலை வாங்கும். கழட்டி பெஞ்ச் மேல இருந்தா கொடுத்து வச்சவங்க. முதல் கியர்ல போட்டு, வெளி ஷாஃப்ட் சரியா அஞ்சு சுத்து வர்ற வரைக்கும் உள் ஷாஃப்ட்டைச் சுத்தி எண்ணணும். அந்த எண்ணை அஞ்சால வகுத்தா முடிஞ்சுது. ஒரே சுத்துக்கு எண்ணினா மிச்சம் இருக்குற கால், அரை எல்லாம் கண் திட்டமாப் போயிடும். அஞ்சு சுத்துன்னா அந்தப் பிழையும் அஞ்சுல ஒண்ணாக் குறையும். வண்டியிலயே இருந்தா, பழைய வண்டியில முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்தலாம். டீசல்னா இன்ஜெக்டரைக் கழட்டி கம்ப்ரஷனை விட்டுட்டாத்தான் கை தப்பிக்கும்.

பெட்டி மூடியைத் திறந்து பல்லையே எண்ணுறது இன்னும் துல்லியம். உள்ள மூணு ஷாஃப்ட். என்ஜின்ல இருந்து வர்ற இன்புட் ஷாஃப்ட், கீழ லே ஷாஃப்ட், வெளிய போற மெயின் ஷாஃப்ட். சக்தி முதல்ல இன்புட்ல இருந்து லே ஷாஃப்ட்டுக்கு இறங்கும், அங்கிருந்து மெயின் ஷாஃப்ட்டுக்கு ஏறும். ரெண்டு தடவை வகுத்து, ரெண்டையும் பெருக்கணும்.

கணக்குக்காக நானே ஒரு பெட்டி கற்பனை பண்ணிக்கறேன். இன்புட்ல 17 பல், அதோட கோக்குற லே ஷாஃப்ட்ல 43. வகுத்தா 2.53. இது எல்லாக் கீழ் கியருக்கும் பொது. முதல் கியருக்கு லே ஷாஃப்ட்ல 17, மெயின்ல 43ன்னா மறுபடி 2.53. பெருக்கினா 6.40. ரெண்டாவதுக்கு 23, 37ன்னா 4.07. மூணாவதுக்கு 31, 29ன்னா 2.37. நாலாவதுக்கு 37, 23ன்னா 1.57. அஞ்சாவது நேரடி, 1.

ஒவ்வொரு ஜோடியையும் கூட்டிப் பாருங்க. 17ம் 43ம் 60. 23ம் 37ம் 60. 31ம் 29ம் 60. ஷாஃப்ட் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் மாறாது. அதனால பல்லோட அளவு ஒண்ணா இருந்தா ஜோடிக்கூட்டலும் ஒண்ணாத்தான் இருக்கணும். நேர்ப்பல் பெட்டியில மூணு ஜோடி 60 வந்து ஒரு ஜோடி மட்டும் 59 வந்தா, பெரும்பாலும் நீங்க எண்ணினதுல ஒரு பல்லு தவறியிருக்கும். சாய்வுப் பல்லா இருந்தா சாய்வு கோணத்தைப் பொறுத்து இது மாறலாம், அங்க இந்தச் சோதனை செல்லாது. ஆனா எண்ணின ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு பெயிண்ட் வச்சுட்டா சண்டையே இல்லை.

இப்ப அந்த ஒரு பல்லு மேட்டர். 9.00-20 டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 3.1 மீட்டர் போகும். என்ஜின் 2,000 சுத்துல இருக்கு. நம்ம கற்பனைப் பெட்டியோட 6/41 ஹவுசிங் இருந்தா ரெண்டாவது கியர்ல வேகம் மணிக்கு 13.4 கிலோமீட்டர். 7/41 இருந்தா 15.6. மூணாவதுல 23, இல்லைன்னா 27. டாப்ல 54, இல்லைன்னா 63. சமவெளியில ஓடுறவனுக்கு அந்த 63 சொர்க்கம். அதே தூரத்துக்கு என்ஜின் குறைவா சுத்தும், டீசல் மிச்சம், தேய்மானம் குறைவு. நெடுந்தூரம் ஓட்டுறவங்க 7 பல் பினியனை விரும்புறதுல ஒரு தப்பும் இல்லை.

அந்த வண்டி மலைக்கு வந்தா? ஏறும்போது இழுவை ஏழுல ஒரு பங்கு குறையும். அது பரவாயில்லை, ஒரு கியர் குறைச்சு உறுமிக்கிட்டே ஏறிடலாம். இறங்கும்போதுதான் வினை. 12 டன் லாரி ஒண்ணு 1000 மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா, அது விட வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 33 யூனிட் மின்சாரம். நம்ம வீட்டுத் தண்ணீரில 400 லிட்டரைக் கொதிக்க வைக்கிற சூடு. இதுல காத்தும் டயர் உராய்வும் கொஞ்சம் எடுத்துக்கும். மிச்சத்தை என்ஜின் பிடிக்கணும், இல்லை பிரேக் பிடிக்கணும். என்ஜின் பிடிக்கிறது கியர் விகிதத்தைப் பொறுத்தது. அதே என்ஜின், அதே ரெண்டாவது கியர். ஆனா 7 பல் பினியன்ல சக்கரத்துக்குப் போய்ச் சேர்ற பிடிமானம் ஏழுல ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைவு அப்படியே பிரேக் டிரம் தலையில விழும். ஒரு வளைவுக்குத் தெரியாது. முப்பது வளைவு இறங்கினதுக்கப்புறம் டிரம் காய்ஞ்சு, லைனிங் வாசம் வரும். அதுக்கப்புறம் பெடல் மிதிச்சா மிதிச்ச மாதிரியே இருக்கும், வண்டி நிக்காது.

இதைவிட மோசம் ஸ்பீடாமீட்டர். பழைய லாரியில அதோட கேபிள் கியர் பாக்ஸோட பின்பக்கத்துல இருந்து வரும். ஹவுசிங்ல என்ன பல் இருக்குன்னு அதுக்குத் தெரியாது. 6/41க்குக் கணக்குப் பண்ணின மீட்டரை வச்சுக்கிட்டு 7/41 பினியனைப் போட்டா, மீட்டர் 30 காட்டும்போது வண்டி 35ல போயிட்டு இருக்கும். மீட்டர் வேலை செஞ்சாத்தானே இந்தப் பிரச்சினைன்னு சிரிப்பீங்க, தெரியும். மீட்டர் வேலை செய்யாத வண்டியில டிரைவர் என்ஜின் சத்தத்தை வச்சு வேகத்தைக் கணிப்பார். அந்தச் சத்தமும் அதே பொய்யைத்தான் சொல்லும். பழகின உறுமலா இருக்கும், ஆனா வண்டி முன்னைவிட வேகமா இருக்கும்.

ஏறின கியர்லயே இறங்குன்னு பழைய டிரைவருங்க சொல்ற விதி உண்டு. நல்ல விதிதான். ஆனா பினியன் மாத்தின வண்டிக்கு அந்த விதி போதாது. ஒரு கியர் கூடவே குறைக்கணும். அதையும் மேல, சமதளத்துலயே போட்டுட்டு இறங்கணும். கிராஷ் பெட்டியில பாதி இறக்கத்துல டபுள் கிளட்ச் அடிச்சு கியர் விழாம நியூட்ரல்ல மாட்டினா, அங்க இருக்கறது வெறும் இரும்பு வண்டி. டீசல் மிச்சம் பிடிக்கறேன்னு வேணும்னே நியூட்ரல் போட்டு இறக்குறவங்களைப் பத்தி எழுத ஆரம்பிச்சா வாயில நல்ல வார்த்தை வராது, விட்டுடறேன்.

ஒரு லாரியை வாங்கும்போது டயர் பட்டனைப் பாக்குறோம், கேபின்ல துரு பாக்குறோம், பெயிண்ட்டைத் தட்டிப் பாக்குறோம். ரெண்டு பேர், ஒரு ஜாக்கி, ஒரு சாக்பீஸ், பத்து நிமிஷம். இதைச் செஞ்சு ஹவுசிங்லயே 6/41, 7/41ன்னு பெயிண்ட்ல எழுதிட்டா, அடுத்து வாங்குறவனுக்கும் தெரியும். அந்தப் பெரியவர் அப்படித்தான் செய்யறார். வெள்ளைப் பெயிண்ட்ல விகிதத்தை எழுதி, கீழ தேதியும் போட்டு விடுறார். ஹவுசிங்ல மட்டும் எழுதினாப் போதாதுன்னு ஓட்டுறவர் கண்ணுல படுற மாதிரி டேஷ்போர்டுலயும் எழுதறார்.

கிரவுனையும் பினியனையும் பிரிச்சுப் பாக்கற வாய்ப்பு கிடைச்சா, பல் எண்ணிக்கையோட இன்னொரு எண்ணும் பொறிச்சிருக்கும். அது ஜோடி எண். ரெண்டையும் சேத்து உரசிப் பதப்படுத்தி ஜோடியாத்தான் விக்கிறாங்க. ரெண்டுலயும் அந்த எண் வேற வேறயா இருந்தா, பல் எண்ணிக்கை சரியாவே இருந்தாலும் அது ரெண்டு வண்டியில இருந்து காயலாங்கடையில சேந்த ஜோடி. டாப் கியர்ல ஊளைச் சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் ஏன் வருது, ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேற மாதிரியும் ஏன் கேக்குதுங்கறது தனிக்கதை. அது இன்னொரு நாளைக்கு.